அங்கே என்ன முடிவு செய்வார்கள்?

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும், நிதானமாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. பார்வை தெளிந்ததும் அவள் முதலில் தேடியது பேரனை. அடுத்து பீடி முறத்தை. இனி சுற்ற வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கை சும்மா கிடந்தால் மனசும் சும்மா கிடக்காது" என்கிறாள். ஐம்பத்து இரண்டு ஆண்டுகளாகப் பழகிய கை. தெருக்கோடிப் பீடிக் கடையில் இப்போதும் அவள் பெயரில் கணக்கு இருக்கிறது.

இனி உனக்குச் சொல்ல வேண்டிய பெரிய செய்திக்கு வருகிறேன். 2027 ஜூலையில் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் உலகச் சமூகவியல் மாநாடு நடக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு; சென்ற முறை 2023இல் மெல்போர்னில் நடந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் இருந்த 1986இல் டெல்லியில்கூட நடந்திருக்கிறது. அதில் பெண்கள், பாலினம், சமூகம் ஆகியவற்றுக்கென்றே தனி ஆய்வுக் குழு ஒன்று இயங்குகிறது. அந்தக் குழுவுக்குத்தான் கட்டுரை எழுதுகிறேன். பொருள் என்ன என்று நீ கேட்கவே வேண்டாம். மேலப்பாளையத்திலும் எங்கள் ஊரிலும் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களின் உழைப்பு, கணக்கெடுப்புத் தாளில் "வீட்டு வேலை" என்ற சொல்லுக்குள் எப்படி மறைந்துபோகிறது என்பதுதான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொரியா எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எவ்வளவு செலவு என்றும் கேட்கவில்லை. முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மாநாடா? அங்கே என்ன முடிவு செய்வார்கள்?" என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை, மரகதம். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்.

அம்மாவுக்கு மாநாடு என்றால் தீர்மானம். அவளுடைய அப்பா கட்சி மாநாடுகளுக்கு நடந்தே போனவர். திரும்பி வந்து, என்ன தீர்மானம் போட்டார்கள் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொல்வாராம். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள்தான் வேர் பிடித்திருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டை எடுத்துக்கொள். பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும், பிடிக்காத திருமணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும், தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானம் போட்டார்கள். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். அறுபது ஆண்டு ஆயிற்று. நாடு முழுமைக்கும் அது வந்தது 2005இல். நீயும் உன் அண்ணனும் வழக்குக்குப் போகாமல் நிலத்தைப் பிரித்துக்கொண்டீர்களே, அதற்கு அடியில் கிடப்பது செங்கல்பட்டில் யாரோ எழுந்து நின்று படித்த ஒரு வரி.

1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடும் அப்படித்தான். நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் அங்கே கூடிய பெண்கள். ஒருவரை நாடு என்ன பெயரால் அழைக்க வேண்டும் என்பதைப் பெண்கள் கூடி முடிவு செய்தார்கள். நாடும் அப்படியே அழைத்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது நாம் கூடும் இடங்களில் தீர்மானம் கிடையாது. பதினைந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி, தேநீர். தேநீர் வேளையில் நடக்கும் பேச்சுதான் பல நேரம் உயிருள்ளதாக இருக்கிறது. ஆனால் ஆய்வு மாநாடுகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் பெண்ணிய ஆய்வு என்ற துறையே ஓர் அதிர்ச்சியில் பிறந்தது. பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்த குழு 1974இல் தந்த அறிக்கை, ஆயிரம் ஆணுக்கு 972 பெண் என்று 1901இல் இருந்த கணக்கு 1971இல் 930 ஆகக் குறைந்துவிட்டதை எடுத்துக் காட்டியது. விடுதலை வந்தது, அரசியல் சட்டம் வந்தது, பெண்கள் படித்தார்கள், ஆனால் பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போயிருக்கிறது. அறிக்கை எழுதியவர்களே ஆடிப்போனார்கள். அந்தக் கலக்கத்தில்தான் 1981இல் மும்பை எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் முதல் தேசியப் பெண்ணிய ஆய்வு மாநாடு கூடியது. மறு ஆண்டு இந்தியப் பெண்ணிய ஆய்வுச் சங்கம் அமைந்தது. ஆராய்ந்தவர்கள் தங்களையும் அந்தக் கணக்குக்குள் வைத்துப் பார்த்தார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் விடுதி மொட்டை மாடியில் ஜெர்மானியத் தத்துவஞர் ஹோர்க்ஹைமரின் கட்டுரையை வரிவரியாகப் படித்தோமே, நினைவிருக்கிறதா? 1937இல், ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்த நாட்களில் அவர் எழுதியது. உலகத்தை வெளியே நின்று அளப்பதாக நினைப்பது மரபுக் கோட்பாடு. அளக்கிறவனும் அந்த உலகத்தால் ஆனவன்தான் என்று உணர்ந்து, விடுதலையை நோக்கி ஆராய்வது விமர்சனக் கோட்பாடு. அன்று அது நமக்குத் தத்துவம். இன்று எனக்கு அது என் அம்மாவின் முறம். பீடித் தொழிலாளர் நல நிதி தந்த உதவித்தொகையில் படித்தவள் நான். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நிதி அது. பீடியின் மீது விதித்த சிறு வரியிலிருந்து சேர்ந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பீடித் தொழிலாளருக்கென்று இருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இதையெல்லாம் கட்டுரையில் "தரவு" என்று எழுதும்போது கை நிற்கிறது. அந்தத் தரவில்தான் நான் சோறு தின்றேன், பட்டம் வாங்கினேன்.

2017 என்றதும் உனக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கும். அந்த ஜனவரியில் பெண்ணிய ஆய்வு மாநாட்டுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தோம். எதிரே மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சம் பேர். உள்ளே எதிர்ப்பு என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய கட்டுரைகள், வெளியே எதிர்ப்பின் இரைச்சல். 23ஆம் தேதி கடற்கரையிலிருந்து கூட்டம் விரட்டப்பட்டது. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. ஓடி வந்த பிள்ளைகளுக்குக் குப்பத்து மக்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் பிழைப்புக்கான சந்தை சாம்பலாகிக் கிடந்தது. மறுநாள் மாலை நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். கருகிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவை நான் மறக்கவில்லை. நடந்து போகும் தூரத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு, பெண்களின் உழைப்பைப் பற்றிப் பேச நாம் வந்திருந்தோம். அவள் நம் அட்டையைப் பார்த்து ஏதோ கேட்டாள், நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். நீ கல்லூரி வேலையை விட்டுவிட்டு மில் பெண்களோடு வேலை செய்யப் போனதற்கு அந்த மாலைதான் காரணம் என்று எனக்குள் எப்போதும் ஓர் எண்ணம்.

இதில் என்னை உலுக்கிய ஒன்றைச் சொல்கிறேன். குவாங்ஜுவைப் பற்றிப் படித்தபோது 1980 மே மாத எழுச்சியைப் பற்றியும் படித்தேன். ராணுவம் சூழ்ந்த நகரத்தில், போராடியவர்களுக்குச் சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். உப்புப் போட்டுப் பிசைந்த வெறும் சோறு. அந்த நகரம் இன்றும் அந்தச் சோற்று உருண்டையைத் தன் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. நடுக்குப்பத்துப் பெண்களுக்கு அப்படி ஒரு சின்னம் இங்கே இல்லை. அந்த ஊரில் போய் நின்று பேச வேண்டும் என்று எனக்கு இவ்வளவு ஆசை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே எங்கள் பக்கத்தில் நடக்கும் கருத்தரங்குகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2010இல் பதவி உயர்வுக்குப் புள்ளி முறை வந்த பிறகு பெருகியவை இன்னும் குறையவில்லை. பணம் கட்டினால் சான்றிதழ். வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் தோன்றிப் பத்து நிமிடம் பேசினால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. சென்ற மாதம் என் மாணவி ஒருத்தி, கடன் வாங்கி அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அவள் கட்டுரையை அங்கே யாரும் படிக்கவில்லை. தலைப்பை வாசித்துச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்ல கட்டுரை அது. தன் பாட்டி கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்த கதை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கட்டுரையில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன், உன் உதவி வேண்டும். இனம், பாலினம் என்று பல ஒடுக்குமுறைகள் ஒருத்தி மேலேயே ஒன்றாகச் சேர்ந்து விழுகின்றன என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் முன்வைத்த கருத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? குறுக்குவெட்டு, ஊடுவெட்டு என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்தச் சொற்களைக் கேட்டால் மேலப்பாளையத்துப் பெண் எழுந்து போய்விடுவாள். அவர் காட்டிய வழக்கை மட்டும் சொன்னால் உடனே விளங்குகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். அவர்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறார்களே என்றது. அவர்கள் தொழிற்கூடத்து ஆண்கள். கறுப்பினப் பெண் எந்தக் கணக்கிலும் இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நம் ஊரில் சொல்வோமே, அதை வைத்து விளக்கலாமா என்று யோசித்தேன். பாதி தூரம்தான் வருகிறது. மத்தளத்தில் எந்தப் பக்கம் அடி விழுந்தது என்று காதுக்குத் தெரியும். அந்தப் பெண்கள் பட்ட அடிக்கு இன்ன பக்கம் என்று சொல்லப் பெயரே இருக்கவில்லை. நம் நாட்டில் 1995இல் ரூத் மனோரமா முதலானோர் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது இதைத்தான் சொன்னார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்: பெண்கள் இயக்கத்திலும் எங்களுக்கு இடம் போதவில்லை, தலித் இயக்கத்திலும் போதவில்லை, எங்கள் பேச்சை நாங்களே பேசுகிறோம். உன் மில்லில் இதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். கேட்டு எழுது.

இனி என் முடிவு. உலக மாநாட்டின் மொழிகள் மூன்று: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். கட்டுரைச் சுருக்கம் முந்நூறு சொல்லுக்குள் இருக்க வேண்டும். அம்மாவின் ஐம்பத்து இரண்டு ஆண்டை, அவள் படிக்க முடியாத மொழியில் முந்நூறு சொல்லாக்கி அனுப்பப் போகிறேன். ஒருபக்கம் அது எனக்குப் பெருமை, மறுபக்கம் உறுத்தல். அதனால் அனுப்புவதற்கு முன் முழுக் கட்டுரையையும் தமிழில் எழுதி, எங்கள் தெருப் பெண்கள் முன்னால் வாசிக்கப் போகிறேன். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. அது கூலி பிரிந்த மறுநாள். மனம் சற்று லேசாக இருக்கும். மேலப்பாளையத்திலிருந்தும் ஏழெட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முறத்தோடுதான் வருவார்கள். சுற்றிக்கொண்டே கேட்பார்கள்.

வாசித்து முடித்ததும் அம்மாவின் கேள்வியை நானே கேட்கப் போகிறேன்: இங்கே என்ன முடிவு செய்வோம்? இலை குறைத்துக் கொடுக்கும் நாட்களில் கைக்காசு போட்டு இலை வாங்குகிறார்களே, அதைப் பற்றி ஒரு தீர்மானம் வரும் என்று நினைக்கிறேன். சேர்க்காமல் ஒதுக்கித் தள்ளும் பீடிகளுக்குக் கூலி கிடையாது, ஆனால் அந்தப் பீடி கைக்குத் திரும்பி வருவதும் கிடையாது. அதைப் பற்றியும் வரலாம். நான் நினைக்காத ஒன்றும் வரலாம். எது வந்தாலும் அதை அப்படியே தமிழில் எழுதி, கட்டுரையின் முதல் பக்கத்தில் வைத்துக் குவாங்ஜுவுக்குக் கொண்டுபோவேன். மொழிபெயர்ப்பு அடியில் இருக்கட்டும்.

நீ வர வேண்டும், மரகதம். மில் பெண்கள் இரண்டு பேரையாவது அழைத்து வா. கோயம்புத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் விடியலில் வந்துவிடலாம். வண்ணாரப்பேட்டையில் தம்பி வந்து நிற்பான். வரும்போது 2017ஆம் ஆண்டு நோட்டை மறக்காமல் எடுத்து வா. நடுக்குப்பத்து அம்மா நம் அட்டையைப் பார்த்து என்ன கேட்டாள் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன், சரியான சொற்கள் நினைவுக்கு வர மறுக்கின்றன. உன் கையெழுத்தில் அதைப் படிக்க வேண்டும்.

அம்மா உனக்காகக் கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்
ராஜி