வென்டிலேட்டர் வந்தது, பிராங் எங்கே?

அரசு மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ் நான். புது வென்டிலேட்டர் வந்தால் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்கிறோம். சரி. வென்டிலேட்டரைக் கழற்றிய பிறகு தேவைப்படும் பிராங் (மூக்கில் செருகும் குட்டிக் குழாய்) போன்ற சாமான்களைப் பற்றித்தான் இந்த மடல்.

28 வாரத்தில், ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு வென்டிலேட்டரின் தொண்டைக் குழாயை எடுத்ததோடு வேலை முடியாது. ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சில நேரம் மூச்சு விடவே மறந்துபோகும். அதற்குக் காஃபின் கொடுக்கிறோம் (காப்பியில் இருக்கும் அதேதான்). நுரையீரல் விரிந்தே இருக்க, மூக்கு வழியாக விடாமல் அழுத்தத்தோடு காற்று போக வேண்டும். அதுதான் சிபாப். சான் பிரான்சிஸ்கோவில் கிரிகரி குழுவினர் 1971-லேயே எழுதிவைத்த வழி. பபிள் சிபாப்புக்குப் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். காற்று வெளியேறும் குழாயின் நுனி தண்ணீரில் 5 செ.மீ. மூழ்கியிருந்தால் அழுத்தமும் அவ்வளவுதான். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் எங்கோ கசிகிறது.

பெரும்பாலும் மூக்கில்தான் கசியும். ஒரு இரவு எங்களிடம் ஒரே அளவு பிராங்தான் மிச்சம். சிபாப்பில் இருந்த ஒரு குழந்தைக்கு அது சின்னது. நழுவ நழுவ, பிராங்கைப் பிடித்து நிறுத்தும் தொப்பியை இறுக்கிக் கட்டினோம். விடிந்து பார்த்தால் மூக்கின் நடுத்தண்டு கன்றியிருந்தது. மறுநாள் குழாய் திரும்பவும் தொண்டைக்குள். "நேத்து நல்லாத்தானே இருந்தான், சிஸ்டர்?" என்று அம்மா கேட்டார். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹைஃப்ளோ (மெல்லிய மூக்குக் குழாயில் சூடான ஈரக் காற்றை வேகமாக விடும் கருவி) வாங்கினால் போதாதா என்பீர்கள். 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 32 வாரத்துக்கு முன் பிறந்த 303 குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் எடுத்த பிறகு அது சிபாப்புக்குச் சளைக்கவில்லை; மூக்குப் புண்ணும் குறைவு. ஆனால் ஹைஃப்ளோ கைகொடுக்காத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரை, மறுபடி குழாய் போடாமல் தாங்கியது சிபாப்தான். அதை மூலையில் போட்டுவிட முடியாது.

அப்புறம், பிளெண்டர் (ஆக்சிஜனையும் காற்றையும் கலக்கும் கருவி) இல்லாத செட் வேண்டாம். ஆக்சிஜனை அளந்து கலக்காமல் விட்டால் விழித்திரை கெடும். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரும் கூடவே வரட்டும்.

டெண்டரில் "பிராங் - 1 செட்" என்று மட்டும் எழுதாதீர்கள். சின்னதிலிருந்து பெரியது வரை ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி வரி போடுங்கள், தொப்பியோடு.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் நர்ஸ்