41,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார்

மதுரை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும் காரின் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றிவிட்டது என்றும், பேருந்துப் படியில் கால் எடுத்து வைக்க முடியாமல் அவர் நின்ற அன்றுதான் கார் வாங்குவதென்று முடிவு செய்தாய் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு வேறு எந்தச் செய்தியும் எழுதத் தோன்றவில்லை. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு விருதுநகரில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் காரைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

2012 ஆகஸ்டில் பதிவான ஹூண்டாய் ஐ10, 1.1 லிட்டர் பெட்ரோல் வண்டி, தூத்துக்குடியில் ஒரே உரிமையாளரிடம் இருந்தது, விலை 1,90,000 ரூபாய் என்று எழுதிவிட்டு, 41,000 கிலோமீட்டர் என்பதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். உன் மனம் எதில் சாய்ந்திருக்கிறது என்பது அந்த இரண்டு கோட்டில் தெரிகிறது. எனக்கோ படங்களைப் பார்த்ததிலிருந்து அந்த எண்தான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பதின்மூன்றரை ஆண்டுகளில் 41,000 என்றால் ஆண்டுக்கு மூவாயிரம், நாளுக்கு எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அப்படி ஓடிய வண்டி கடைத்தெருவுக்கும் கோவிலுக்கும் போய்த் திரும்பியிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே நிறுத்தப்பட்டிருக்கும். சூடேறாத எஞ்சினில் ஆயிலுக்குள் ஈரம் தங்கும், பேட்டரி முழுதாக ஏறாது, சைலன்ஸர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயதுதான் தெரியும். டயர், பெல்ட், ஆயில் சீல், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் ஓடும் குழாய், பிரேக் ஹோஸ் எல்லாமே வண்டி ஷெட்டில் நின்றாலும் மூப்படைகின்றன. போதாததற்கு, பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வரும் இந்தக் காலத்தில், அந்தக் கலவையை எதிர்பார்த்துச் செய்யப்படாத பழைய எரிபொருள் குழாய்களையும் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். குறைந்த கிலோமீட்டர் ஒரு நல்ல அடையாளம்தான். ஆனால் அதற்காக இருபதாயிரம், முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2016இல் என் முதல் காரை 38,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்கினேன். பெயின்ட் மங்கவில்லை, சீட்டில் கிழிசல் இல்லை. நான்காவது மாதம் விருதுநகரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, எந்தச் சத்தமும் இல்லாமல் எஞ்சின் அடங்கிவிட்டது. ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருகினேன்; ஸ்டார்ட்டர் வழக்கமான முக்கல் இல்லாமல், பிடிப்பே அற்றதுபோல் லேசாகச் சுழன்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. மெக்கானிக் கையில் எடுத்துக் காட்டிய பெல்ட்டின் உட்புறத்தில் பல் பல்லாக வெடிப்பு. வண்டி செய்த நாளிலிருந்து யாருமே அதை மாற்றியிருக்கவில்லை, ஏனென்றால் ‘அவ்வளவு கிலோமீட்டர்தான் ஓடவில்லையே’ என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வேலை பார்த்த வகையில் 32,000 ரூபாய் ஆயிற்று.

நீ பார்த்திருக்கும் வண்டிக்கும் இது நேரடியாகப் பொருந்தும். ஐ10இல் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. 1.2 லிட்டர் கப்பா எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் உலோகச் சங்கிலி, அதாவது டைமிங் செயின் இருக்கிறது. அதை ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டினால் போதும். உன்னுடைய 1.1 லிட்டர் எஞ்சின், அதாவது சான்ட்ரோ ஜிங்கில் இருந்த அதே 1086 சிசி எஞ்சின், பெல்ட்டில் ஓடுவது. பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேள். பில் இருந்தால் தேதியைப் பார். பில் இல்லை, ‘மாற்றியதாகத்தான் ஞாபகம்’ என்று சொன்னால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துவிடு. எஞ்சினைக் குறை சொல்வதாக நினைக்காதே. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து இலட்சக்கணக்கில் வெளிவந்து, உங்கள் கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டிலுள்ள சிறிய பட்டறைக்காரர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடிய எஞ்சின் அது. பழைய வண்டி வாங்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய உறுதி வேறு என்ன வேண்டும்?

அடுத்து, அந்த 41,000 உண்மைதானா என்பது. மீட்டரைத் திருப்பி வைப்பது இன்று மிக எளிது. ஆனால் வண்டியின் மற்ற பாகங்களைத் திருப்பி வைக்க முடியாது. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பார். வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அது நாற்பதாயிரத்தில் வந்த தேய்மானம் அல்ல. ஸ்டியரிங்கின் மேல் விளிம்பு, கியர் குமிழ், ஓட்டுநர் சீட்டில் இறங்கும் பக்கத்து ஓரம் ஆகியவையும் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 41,000தான் ஓடியிருக்கிறது என்று சொல்லும் வண்டியில் இது மூன்றாவது செட் டயர் என்றால், வயதாகிவிட்டதால் மாற்றினார்களா, ஓடித் தேய்ந்ததால் மாற்றினார்களா என்று கேள்; தேய்ந்ததால் என்றால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வீஸ் புத்தகத்திலும் பில்களிலும் எழுதியிருக்கும் கிலோமீட்டர்களைத் தேதிவாரியாகப் படித்துக்கொண்டே வந்தால் உண்மை தானாக வெளிவந்துவிடும்.

வண்டி தூத்துக்குடி வண்டி என்பதால் இன்னும் இரண்டு கவலைகள். ஒன்று உப்புக்காற்று. பானெட்டும் கதவும் பளபளப்பது ஒரு பொருட்டே அல்ல. மேலே பெயின்ட் அடிப்பது இரண்டு நாள் வேலை. கதவின் அடி விளிம்பையும், வாசற்படிக்குக் கீழுள்ள பகுதியையும், சக்கரங்களுக்கு மேலேயுள்ள வளைவின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார். பட்டி வைத்து மறைத்த இடத்தில் தட்டினால் சத்தம் மந்தமாக வரும், காந்தம் ஒட்டாது. தகடு பொத்தலானால் டிங்கரிங்கில் சரி செய்யலாம். ஆனால் வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம் அரித்திருந்தால், அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்காதே.

மற்றொன்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். தூத்துக்குடி நகரத் தெருக்களில் நின்ற எத்தனையோ வண்டிகள் அன்று நீரில் மூழ்கின. அந்த உரிமையாளரின் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள். பிறகு, முன்சீட்டின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழு. வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி இரண்டு முழ நாடாவை யாரும் கழுவ மாட்டார்கள். வெள்ளம் கண்ட வண்டியானால் அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கறைக்கோடு நிற்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக்குக் கீழே வண்டல், கார்ப்பெட்டைத் தூக்கினால் புழுங்கிய வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடு. தண்ணீர் புகுந்த வயரிங் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிற்கும். அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கையில் அப்படி நிற்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீ போய்ச் சேர்ந்ததும் முதலில் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல் வெள்ளையாகப் படிந்திருப்பது, குறைவாக ஓடிய வண்டியில் வெறும் ஈரமாகவும் இருக்கலாம், ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட் போனதாகவும் இருக்கலாம். கூலண்ட்டிலும் எண்ணெய் மிதந்தால் இரண்டாவதுதான். கிளட்சுக்கு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் மெல்ல விட்டுப் பார். எஞ்சின் உடனே நின்றால் கிளட்ச் பிடிக்கிறது, நிற்காமல் உறுமினால் வழுக்குகிறது.

காகிதங்களைப் பற்றி நீ கேட்டதற்குச் சுருக்கமாகவே எழுதுகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பவரே நேரில் கையெழுத்துப் போட வேண்டும். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களைத் தேதி போடாமல் நீட்டும் இடைத்தரகரிடம் வாங்காதே. வங்கிக் கடன் பதிவு இருந்தால் அது நீக்கப்பட்டதா, அபராதங்கள் நிலுவையில் உள்ளனவா என்பதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு; இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை அவரோடு போய்விடும், உனக்கு வராது. 1000 சிசியைத் தாண்டிய வண்டி என்பதால் 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 3,416 ரூபாய் ஆகும். 1000 சிசிக்கு உட்பட்ட ஆல்டோ போன்ற வண்டிக்கு இது 2,094. இதைவிட முக்கியம், 2027 ஆகஸ்டில் இந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிகிறது. அப்போது எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய்க் கட்டணமும், பசுமை வரியும், எஃப்.சி.க்கு முன் பார்க்க வேண்டிய டிங்கரிங் வேலையும் உன் தலையில்தான் விழும். விற்கிறவர் இப்போது விற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பணக் கணக்கைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் முத்திரை இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஐ10, ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம்தான் கிடைத்தது. ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், ஆகவே அதற்கு முந்தைய மலிவு வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். கோவில்பட்டிக்குள் ஓட்டுவதற்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். ஆனால் நீ மாதம் இருமுறை நான்குவழிச் சாலையில், சரக்கு லாரிகளுக்கு நடுவே, அம்மாவை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போகப்போகிறாய். இதே ஐ10இல் உயர்ந்த வகைகள் சிலவற்றில் ஏர்பேக் வந்தது. முப்பது, நாற்பதாயிரம் கூடினாலும், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், பில்கள் முழுதாக உள்ள அப்படிப்பட்ட 1.2 லிட்டர் வண்டி ஒன்று கண்ணில் பட்டால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். அதற்காக நீ இரண்டு மாதம் காத்திருந்தாலும் வீண் இல்லை. அதுவரை வாடகைக் காரே போதும்.

அப்படி ஒன்று கிடைக்காமல் இதையே வாங்குவதானால், என் கணக்கு இது. நான்கு டயர், பேட்டரி, பெல்ட் செட், எல்லா ஆயில்களும் கூலண்டும், ஏதாவது கைக்கு வரும் சில்லறை வேலை என்று முதல் மூன்று மாதத்தில் 40,000 ரூபாய் போகும் என்று என் மெக்கானிக் சொல்கிறார். ஆகவே 1,45,000க்கு மேல் கொடுக்காதே. அடிச்சட்டமும் சீட் பெல்ட்டும் தேறினால் மட்டும் அந்த விலை. அவர் இறங்கி வரவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. வண்டியைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. முன்சீட்டில் அவரை உட்காரவைத்து இறங்கச் சொல். கதவைப் பிடிக்காமல், காலை மடக்கித் தூக்காமல் அவரால் இறங்க முடிகிறதா என்று நீயே பார்த்துவிடலாம். ஐ10இன் சீட் ஆல்டோவைவிட உயரம் என்பதால் முடியும் என்றே நம்புகிறேன்.

வரும் சனிக்கிழமை காலை ரயிலில் கோவில்பட்டி வந்துவிடுகிறேன். அங்கிருந்து நாம் சேர்ந்தே தூத்துக்குடி போவோம். நான் ஒரு டார்ச்சும் காந்தமும் கொண்டுவருகிறேன். பழைய பாய் ஒன்று நீ எடுத்துவை, அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அன்று நாம் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
சண்முகம்