குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: 2015–16

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. மூன்றாவது தெருவில் எரியாமல் கிடந்த விளக்குகளை மாற்ற வைத்தோம். பொங்கல் கோலப் போட்டி நடத்தவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் நிரம்பியிருந்த நிலையில், டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில், ஜாபர்கான்பேட்டையில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை.

அன்று இரவு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு, நம் தெரு அடுக்குமாடி ஒன்றில் கேட்டைத் திறக்கவில்லை. "யாரு எவருன்னு தெரியாம எப்படி விடுறது" என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, பாய் விரித்தார்கள். அந்தக் குடியிருப்பும் நம் சங்க உறுப்பினர்தான். நான் போய்ப் பேசியிருந்தால் திறந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் என் வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். இதை அறிக்கையில் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். முதல் மாடிப் பாட்டியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சேலையால் கட்டி, அலுங்காமல் இறக்கினார்கள். அதே காலையில் ஒரு கடையில் அரை லிட்டர் பால் 100 ரூபாய். ஏரி உடைந்துவிட்டது, பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றெல்லாம் வதந்தி வேறு. ஏரி உடைந்த செய்தியை நம் உறுப்பினர்களே பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். அதைக் கேட்டு ஓடியதில் ஒரு அம்மா விழுந்து கை முறிந்தது.

அப்புறம் துணி. எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வந்தது. சங்க அறையில் மூன்று நாள் பிரித்தோம். கொக்கி இல்லாத ரவிக்கைகள், ஒற்றைக் கால் சாக்ஸ், கறை படிந்த பாவாடை. பாதியைக் குப்பை வண்டியில்தான் ஏற்றினோம். ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, "துணி வேணாம் சார், வீட்டுல சேறு முழங்கால் அளவு இருக்கு. ஒரு வாளியும் துடைப்பமும் கொடுங்க, பொண்ணுக்கு நாப்கின் கொடுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க ஆரம்பித்தோம். அனுப்பியவர்கள் மனம் நல்ல மனம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாமும் முதல் மூன்று நாள் கேட்கவில்லை.

வெளி மாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள், ஊறிப்போன மெத்தைகளைக் கையுறைகூட இல்லாமல் அள்ளினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க நிறைய பேர் முன்வந்தோம். பெண் பணியாளர்கள் கழிப்பறை கேட்டபோது திறந்தது ஒரே ஒரு வீடு. முதல் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இந்தப் பொதுக்குழுவில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதற்கு முன் ஒரு தீர்மானம். அக்டோபரில் மழை தொடங்கும் முன், ஒவ்வொரு அடுக்குமாடியின் கேட் சாவியும் மொட்டை மாடிச் சாவியும் ஒரு செட் சங்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் யார் வந்து நின்றாலும் திறக்க வேண்டும். இதை நான் முன்மொழிகிறேன். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் வழிமொழிந்தால் சந்தோஷப்படுவேன்.

செயலாளர்