ஜீப்புக்குப் புது சைலன்சர்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம், அம்மாவிடம் சொன்னதும் சாமிக்கு விளக்கேற்றப் போய்விட்டார். இங்கே கோத்தகிரியில் உறைபனி விழுந்து தேயிலை கருகிக் கிடக்கிறது. கொழுந்து இல்லை, எனக்கும் வேலை குறைவு. சரி என்று ஜீப்பின் சைலன்சர் செட்டை இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டின் கேஸ்கட்டிலிருந்து கடைசி பைப் வரை வீட்டிலேயே மொத்தமாக மாற்றிவிட்டேன். ஆனால் இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் என் ஜீப் இல்லை, உன் ஜிப்ஸி.

தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டு இறங்குவதற்குள் பின் சீட்டில் பிள்ளைகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வருகிறது, வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் தள்ளி, சைலன்சர் ஓட்டையாகி ஒட்டுப்போட்டு ஓட்டுவதாகவும் எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருடா. வண்டிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், அதன் முதல் அறிகுறியே தலைவலியும் குமட்டலும்தான். என்னுடையது டீசல், அதில் இது குறைவு. உன்னுடையது கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. அதுவும் படுதா போட்ட, பின்பக்கம் சதுரமான வண்டி ஓடும்போது பின்னால் காற்று சுழன்று புகையை உள்ளே இழுக்கும், காற்று வரட்டும் என்று பின் படுதாவைச் சுருட்டிக் கட்டினால் இன்னும் மோசம். வேலை முடியும்வரை பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதே.

ஒட்டு ஏன் நிற்பதில்லை என்று கேட்டிருந்தாய். பைப் வெளியிலிருந்து அரிக்கவில்லை, உள்ளேயிருந்து அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். தூரமாக ஓடினால் பைப் முழுக்கச் சூடாகி அந்த ஆவி போய்விடும். நம் மலைக் குளிரில் தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய் வந்தால் சைலன்சர் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம், தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. நானும் கொழுந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போவதும் வருவதுமாகத்தான் இருக்கிறேன். கழற்றிய சைலன்சரின் மேல்பக்கத்தில் பெயின்ட்கூடப் போகவில்லை, திருப்பி அடிப்பக்கத்தை ஸ்குரு டிரைவரால் லேசாகத் தொட்டேன், அப்படியே உள்ளே போய்விட்டது. தட்டினால் உள்ளேயிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டுகிறது. இந்தத் தகட்டில் எந்த வெல்டர் ஒட்டுவைத்தாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும்.

இனி வேலையைப் பற்றி. முதலில் இடம். நம் ஊரில் சமதளமே அரிது, ஆனால் இதற்குச் சமதளம்தான் வேண்டும். கியரில் போட்டிருக்கிறோமே என்று நம்பாதே, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் மற்ற சக்கரத்தை உருள விட்டுவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் வை, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு வை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் அடியில் படுக்க விடாதே.

முக்கால்வாசி வேலை நட்டைக் கழற்றுவதுதான். முந்தின நாளே எல்லா நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு எடுக்கும் ஆயிலை அடித்து, ராத்திரி முழுக்க ஊற விடு. காலையில் மறுபடி ஒரு தடவை அடி. ரிங் ஸ்பானரைப் போட்டு முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் தள்ளு, சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும், அப்புறம் தளர்த்து. அசையவில்லையென்றால் பெட்ரோல் லைன் பக்கம் எதுவும் இல்லையே என்று பார்த்து, ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடாக்கி ஒரு மெழுகுவர்த்தியை அதன்மேல் வை. உருகிய மெழுகு மரைக்குள் இறங்கிவிடும். மேனிஃபோல்டு ஸ்டட்டில், அதாவது தலையில்லாத போல்ட்டில், மட்டும் பலத்தைக் காட்டாதே, அது உடைந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். பின்னால் இருக்கும் கிளாம்புகளை இவ்வளவு பதமாகக் கையாள வேண்டியதில்லை, எப்படியும் புதிது போடப் போகிறோம், கிரைண்டரில் அறுத்து எறி. பிளேடு பெட்ரோல் டேங்க் பக்கம் நெருங்கினால் அங்கே மட்டும் ஹாக்ஸா.

புது பைப்புக்கு உங்கள் ஊர் பட்டறையில் ஜி.ஐ. தண்ணீர் பைப்பை வளைத்துத் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதே. அதன்மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சோடு வெல்டு வைத்தால் வரும் புகை வெல்டருக்கே காய்ச்சலை வரவழைக்கும். அலுமினியப் பூச்சுள்ள பைப் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் சாதாரணக் கருப்பு பைப் போதும். வண்டியிலேயே வைத்து வெல்டு செய்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிடு.

மாட்டும்போது எதையும் உடனே இறுக்காதே. முழு செட்டையும் தளர்வாகத் தொங்கவிட்டு, பைப் சேஸியிலோ ஆக்ஸிலிலோ முட்டாமல் இருக்கிறதா, குழியில் ஆக்ஸில் மேலே ஏறினால் இடம் இருக்குமா என்று படுத்துப் பார்த்துவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வா. தொங்கும் ரப்பர்களையும் மாற்றிவிடு, பழைய ரப்பர் கிழிந்தால் மொத்த எடையும் மேனிஃபோல்டில் விழும். கடைசி பைப் பாடிக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும், உனக்கு அதுதான் ரொம்ப முக்கியம். ஸ்டட்டில் பித்தளை நட்டும் காப்பர் கிரீஸும் போட்டால் அடுத்த தடவை யாரும் கஷ்டப்பட மாட்டார்கள்.

முடித்ததும் வண்டியை வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, யாராவது ஈரத்துணியைக் கடைசி பைப்பில் லேசாக அழுத்திப் பிடிக்கட்டும், நீ ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காதைக் கொடு. உஸ் என்று எங்கே கேட்கிறதோ அங்கே லீக். சில நாள் ஓட்டியபின், சூடு ஆறியதும் ஒரு தடவை எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, எங்கேயாவது கரிக்கோடு தெரிகிறதா என்று பார்.

எனக்கு வண்டி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறது, அதுவே பெரிய நிம்மதி. சத்தத்துக்காகவே சைலன்சரைக் கழற்றிவிட்டு கோடநாடு ரோட்டில் பறக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுது, பைப் முனையில் போல்ட் போடும் தட்டு இருக்கிறதே, அந்த ஃபிளாஞ்சை ஒரு அட்டையில் வைத்து வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறேன், உக்கடத்தில் கிளாம்பும் கேஸ்கட்டும் பார்த்து வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மிளகு காய்ந்துவிட்டதா? அம்மாவுக்குக் கொஞ்சம் வேண்டுமாம்.

அன்புடன்,
முருகேசன்