கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால் சிரிக்காதீர்கள்

ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி வட்டாரத் தொழிற்சாலைகளின் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துவதோடு வேலைவாய்ப்புப் பிரிவையும் கவனிக்கிறேன். வளாக நேர்காணலுக்கு முன் நீங்கள் நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்கு அரங்கைத் திறப்பதும், புரொஜெக்டர் கேபிளைத் தேடுவதும், கடைசி வரிசைக்காரர்களை முன்னால் இழுத்து உட்கார வைப்பதும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற முறை வந்த ஒரு நிறுவனம் நாற்பது நிமிடம் தன் வரலாற்றையும் விருதுகளையும் காட்டியது. கடைசியில் திரையில் ‘ஆண்டுக்கு 2,40,000’ என்று வந்தது. பென்னாகரம் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “மாதம் கைக்கு எவ்வளவு வரும் சார்?” என்றாள். பேசியவர் சிரித்தார். “முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளம்மா” என்றார். அதன்பின் அரங்கில் ஒரு கைகூட உயரவில்லை.

அவள் நோட்டில் 20,000 என்று வகுத்து எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு அவள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440. நிறுவனத்தின் பங்கான இன்னொரு 1,440-ஐயும் பெரும்பாலும் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கிவிடுகிறீர்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பது தனி. விடுதிக்கும் கேன்டீனுக்கும் பிடித்தம் உண்டா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். வைப்பு நிதி அவள் பணம்தான், மறுக்கவில்லை. ஓசூரில் அறை வாடகைக்கு அது உதவாது.

‘டிரெய்னி’ என்ற சொல்லையும் கொஞ்சம் உடைத்துச் சொல்லுங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி எடுப்பவர்களுக்கு வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கிடையாது, பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம் என்றும் இல்லை. பிள்ளைகள் இதை நிரந்தர வேலை என்று நம்பி ஊரில் சொல்லிவிடுகிறார்கள்.

சேர்ந்த பத்தாம் நாளே திரும்பிவிடுகிறார்கள் என்று என்னிடம் குறைப்படுகிறீர்கள். இரவு ஷிப்ட் உண்டு என்பதே அங்கே போய்த்தான் தெரிகிறது. திரும்பாமல் என்ன செய்வார்கள்? கம்பெனி பஸ் கிருஷ்ணகிரி வரை வருமா, ஓசூரோடு நின்றுவிடுமா என்ற ஒரு தகவல் போதும், பாதிப் பேர் அன்றே முடிவு செய்துவிடுவார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து வரவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்தை மாலை மூன்று மணிக்கு வைக்காதீர்கள். அரூர், தீர்த்தமலைப் பிள்ளைகளின் கண் நான்கு மணி பஸ்ஸில்தான் இருக்கும். காலை பத்துக்கு வாருங்கள். பெற்றோரையும் அழைத்து வைக்கிறேன், தமிழில் பேசுங்கள். முடிந்தால், உங்களிடம் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். தன் சம்பளச் சீட்டோடு அவர் பத்து நிமிடம் பேசினால், விருதுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேபிளை நான் தேடி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
தருமபுரி