டீ.என்.ஏ கணினி பார்ப்பது மரபணுவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

டீ.என்.ஏ இழைகளின் சேர்க்கையாலும் பிரிவாலும் ‘ஆம்/இல்லை’ முடிவெடுக்கும் டீ.என்.ஏ கணினி புற்றுநோய்க் கலத்தை அடையாளம் காணும் என்றதும், நோயாளியின் மரபணுவைப் படிக்கும் சோதனை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உயர்தர மாணவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் இங்கே டீ.என்.ஏ என்பது ஆய்வுகூடத்தில் தொகுத்த கருவி. அது சோதிப்பது கலத்தின் மேற்பரப்புப் புரதங்களை.

வெண்குழியங்கள் எல்லாவற்றிலும் சீ.டீ.45 புரதம் உண்டு. சீ.டீ.20 புரதம் பெரும்பாலும் பீ நிணநீர்க்கலங்கள் எனும் ஒருவகை வெண்குழியங்களில்தான். இவ்விரண்டில் ஒவ்வொன்றையும் தேடி ஒட்டும் பிறபொருளெதிரிகளில் (antibodies) டீ.என்.ஏ இழைகளைப் பூட்டிக் கலங்களோடு சேர்ப்பார்கள். பிறகு தொடக்க இழையை விட்டால், அது முதலாவது பிறபொருளெதிரியிலிருந்து ஓர் இழையைக் கழற்றும். கழன்றது அதே கலத்தில் அருகிலுள்ள இரண்டாவதில் போய் வேலை செய்யும். இரண்டும் இருந்தால்தான் ஒளிர்வு வரும். சீ.டீ.20 இல்லாவிட்டால் கழன்ற இழை கழுவலில் போய்விடும். கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இம்முறையை 2013இல் மனித குருதிக் கலங்களிலேயே செய்து காட்டியது.

வரும் இழை முதலில் பற்றிக்கொள்ளச் சோடி சேராமல் விடப்படும் ஒற்றை நுனிக்கு 5 முதல் 7 மூலங்கள் (டீ.என்.ஏயின் ‘எழுத்துகள்’) போதும். அதற்குக் கீழே ஒன்று குறைந்தாலே வேகம் ஏறத்தாழ 10 மடங்கு விழும்.

சிக்கல்களைத்தான் யாரும் எழுதுவதில்லை. தொடக்க இழை இல்லாமலே இழைகள் தாமாக இடம் மாறிப் பொய் ஒளிர்வு தரும். ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டிப் பிரித்துத் தூய்மையாக்காத இழைகளில் இது அதிகம். குருதி எடுக்கும் ஊதா மூடிக் குழாயிலுள்ள, குருதி உறையாமல் தடுக்கும் ஈ.டீ.டீ.ஏ மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். மக்னீசியம் இல்லாமல் குறுகிய இழைகள் உறுதியாகச் சேரா. ஆகவே கலங்களை முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். குருதியின் திரவப் பகுதியில் உள்ள நொதிகள் டீ.என்.ஏயை வெட்டும் என்பதற்காகவும் இது அவசியம். வெப்பத்தில் வைத்தால் கலம் பிறபொருளெதிரியை உள்ளே இழுத்துக்கொள்ளும். 4 பாகை செல்சியஸில் வேலை செய்வது நல்லது. கலங்கள் நெருக்கமாக இருந்தால் கழன்ற இழை பக்கத்துக் கலத்துக்குத் தாவிவிடும். எல்லாவற்றையும்விடத் தொல்லை இறந்த கலங்கள்தான்: எந்த இழையையும், எந்தப் பிறபொருளெதிரியையும் ஒட்டவைத்துக்கொள்ளும்.

மலையகத்துக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். மஸ்கெலியாவில் எடுத்த குருதி கண்டிக்குப் போய்ச் சேர நாள் கடந்தால், அதற்குள் கலங்கள் இறக்கத் தொடங்கும்; பிறகு எவ்வளவு நுட்பமான இழையும் பெரிதாக உதவாது. புதிய கருவி வரும்வரை காத்திருக்காமல், எடுத்த அன்றே மாதிரியை ஆய்வுகூடத்தில் சேர்க்கும் வாகன ஒழுங்கைச் சுகாதாரத் துறையினர் இப்போதே செய்ய வேண்டும். இன்றைய குருதிப் புற்றுநோய்ச் சோதனைகளுக்கும் அதுவே தேவை.

உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்