அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், எல்லோருக்கும் நன்றி

அன்பானவர்களே,

போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. அம்மா நேற்று மாலை ஆக்ஸ்போர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை ஒரு இட்லி சாப்பிட்டு, "சட்னியில உப்பு கம்மி" என்றார். அதைக் கேட்டதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆக்ஸ்போர்டில் லேடி மார்கரெட் ஹாலைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சராக இருந்தவர். 1879-ல் ஒன்பது மாணவிகளோடு திறந்த கல்லூரி, அரபு நாட்டுப் பாலைவனங்களைச் சுற்றி வந்த கெர்ட்ரூட் பெல் படித்த கல்லூரி என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, அந்த இடம் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. செங்கல் கட்டடங்களைத் தாண்டித் தோட்டத்துக்குள் வந்ததிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. "பொண்ணுங்க பரீட்சை எழுதலாம், முதல் வகுப்பில தேறலாம், பட்டம் மட்டும் கிடையாது. 1920 வரைக்கும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே சார்வெல் ஆற்றுப் பக்கம் நடந்தார். கரைக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தத் தோட்டக்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆம்புலன்சுக்குக் காத்திருந்தோம். புல்லெல்லாம் ஈரம். வெறும் செருப்பில் அம்மாவின் கால் ஜில்லிட்டுக் கிடந்தது. பாத்தியில் வேலையாக இருந்தவர் ஓடி வந்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்டியிட்டு, அம்மாவின் பாதங்களைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். தலையிலிருந்த கம்பளித் தொப்பியை உருவி, இரண்டு பாதங்களையும் சேர்த்து அதற்குள் நுழைத்து, மேலே கைகளால் பொத்திக்கொண்டார். அந்த நிலையிலும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "தலையில போடறதைக் கால்ல போடறாரே, வேண்டாம்னு சொல்லு" என்று முனகினார். சொன்னேன். "இப்போது இது சாக்ஸ்" என்றார் அவர், அம்மாவைப் பார்த்தே. வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை. குளிரில் அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

உடனே போன் செய்த வாயில் அலுவலகத்தார், ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழிகாட்ட ஓடிய மாணவிகள், வார்டு நர்சுகள், ரசம் சாதம் கொண்டுவந்த தங்கையின் சிநேகிதிகள், ஊரிலிருந்து விசாரித்தபடியே இருந்த அம்மாவின் பழைய மாணவிகள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஒருவரையும் மறக்க மாட்டோம்.

படுக்கையில் அம்மா ஒன்று சொன்னார். "அந்தக் காலேஜோட முதல் பிரின்சிபால் எலிசபெத் வேர்ட்ஸ்வொர்த் பேரை வருஷா வருஷம் பாடத்தில சொன்னேன். அந்த ஒன்பது பொண்ணுங்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. கேட்கணும்னுகூடத் தோணலையே." அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

நேற்று வந்ததும் முதல் வேலையாகத் தான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியைக்குப் போன் போட்டார். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போக வழியில்லாத ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு வருஷமும் முதலாண்டுக் கட்டணத்தைத் தன் பென்ஷனிலிருந்து கட்டப்போகிறார். ரசீதில் அந்தத் தோட்டக்காரர் பெயர்தான் இருக்க வேண்டுமாம். அவரிடம் சம்மதம் கேட்கத் தங்கை நாளை கல்லூரிக்குப் போகிறாள்; துவைத்துக் காயவைத்த தொப்பியையும் கொண்டுபோகிறாள்.